பைக்குழற் கல்வியின் தொடக்கம்: வாய்மொழியும் ஏடும்

ஸ்கொட்லாந்தின் பாக்பைப் எனும் பைக்குழலைக் கற்கத் தொடங்குவோர் முதலிற் பையைத் தொடுவதில்லை. பயிற்சிக்குழல் ஒன்றை வாயால் ஊதி, ஒன்பது சுரங்களுக்கும் விரல்களைப் பழக்குகின்றனர். பையிலிருந்து காற்று இடையறாது பாய்வதால், இசைக்கும்போது ஒலியை இடையில் நிறுத்தவோ தணிக்கவோ இயலாது. எனவே, ஒரே சுரம் அடுத்தடுத்து வருமிடத்து அதனைப் பிரித்துக் காட்டுவன நுண்ணிய அணிச்சுரங்களே. இவற்றை முன்னாளில் மாணாக்கர் எவ்வாறு கற்றனர்?

ஸ்கை தீவில், மக்லவுட் குலத்தலைவர்க்குப் பரம்பரைக் குழலிசைஞராய் விளங்கிய மக்கிரிமன் குடும்பத்தார் போரெரைக் என்னுமிடத்திற் பயிற்றுவித்தனர். 'பீப்ரொக்' எனும் பேரிசையை ஆசான் அசைகளாற் பாட, மாணாக்கர் மனனஞ் செய்தனர். உயிரொலிகள் பெரும்பாலும் சுரங்களையும், மெய்யொலிகள் அணிகளையும் குறித்தன. 1797இல் கொலின் கம்பெல் இத்தகைய அசைகளையே கையெழுத்துப் பிரதியாக்கினார்.

1803இல் அச்சேறிய யோசப் மக்டொனல்டின் நூல் விரலசைவுகளை விளக்கிற்று. 1838இல் அங்கஸ் மக்கே பீப்ரொக் இசையை ஐங்கோட்டுக் குறியீட்டில் வெளியிட்டார். இவற்றால் ஆசானை அணுக இயலாதோர்க்கும் அவ்விசை எட்டிற்று. ஆயினும், சுரங்களை நீட்டலும் குறுக்கலும் ஐங்கோட்டுள் முற்றும் அடங்கவில்லை. இன்றும் ஆசிரியர் பலர் அவற்றைப் பாடியே உணர்த்துகின்றனர். ஏடு பரவிய பின்னரும் வாய்மொழிக் கல்வி வழக்கொழியாமைக்குக் காரணம் இதுவேயாகும்.