எந்த அந்தோனியார்?

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் அந்தோனியாருக்குக் கெபி இருந்தால் அங்கே கத்தோலிக்கர் மட்டும்தான் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்துகிற கையில் பாதி, மாரியம்மன் கோயிலிலும் கற்பூரம் கொளுத்துகிற கைதான். தொலைந்த சாமானைத் தேடித் தருவார், கேட்டது கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அவர் யார், எந்த ஊர் என்று யாரும் விசாரிப்பதில்லை. நாம் கொஞ்சம் விசாரிப்போமே, ஏனென்றால் அந்தோனியார் ஒருவர் இல்லை.

மூத்தவர் எகிப்துக்காரர். 251ஆம் ஆண்டளவில் பிறந்து, இருந்த நிலபுலன்களைக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனவர். 356இல் இறந்தார். தமிழில் இவர் வனத்து அந்தோனியார். கையில் தடியும் மணியும், காலடியில் ஒரு பன்றியும் இருக்கும். ஆடு மாடுகளுக்குக் காவல். திருநாள் ஜனவரி 17, பொங்கல் முடிந்த கையோடு. கெபியில் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு லீலி மலரோடு நிற்பவர் இவர் இல்லை. அவர் பதுவை அந்தோனியார், கிட்டத்தட்ட 900 வருசம் பிந்தியவர். லிஸ்பனில் பிறந்த அவருக்கு வீட்டில் வைத்த பெயர் பெர்னாண்டோ. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது, சேர்ந்த மடம் வனத்து அந்தோனியார் பெயரில் இருந்ததால் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். 1231 ஜூன் 13இல் இறந்தார். ஆக, சின்னவர் பெரியவரின் பெயரைக் கேட்டு வாங்கியவர். அவர் லிஸ்பன்காரர் என்பதும், இலங்கைக்கு முதலில் வந்த கத்தோலிக்கக் குருமார் போர்த்துக்கேயரோடு வந்த பிரான்சிஸ்கன் சபையார் என்பதும், இங்கே நமக்கு எந்த அந்தோனியார் கிடைத்தார் என்பதைச் சொல்லிவிடும்.

யாகப்பர் கதை இன்னும் சிக்கல். பன்னிரண்டு சீடரில் இரண்டு யாகப்பர். செபதேயுவின் மகன் பெரியவர், அல்பேயுவின் மகன் சின்னவர். இதற்கு மேல் எருசலேம் சபைக்குத் தலைமை தாங்கிய, ஆண்டவரின் சகோதரர் என்று அழைக்கப்பட்ட யாகப்பர். சின்ன யாகப்பரும் இவரும் ஒரே ஆள்தான் என்று நான்காம் நூற்றாண்டில் ஜெரோம் வாதாடினார், மேற்கே அதையே பிடித்துக்கொண்டார்கள். கிழக்குத் திருச்சபைகள் இன்றைக்கும் வேறு வேறு ஆள் என்கின்றன. பெரியவரைப் பிரித்துக் காட்டப் போர்த்துக்கேயர் 'சந்தியாகோ மாயோர்' என்றார்கள். மாயோர் என்றால் பெரியவர். 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப்புலவர் பாடிய நூலின் பெயர் 'சந்தியோகுமையோர் அம்மானை'. ஆளைப் பிரிக்க வைத்த சொல் பெயரோடேயே ஒட்டிவிட்டது! 'சந்' என்பதே 'புனித' என்றுதான் அர்த்தம். அப்படியானால் 'புனித சந்தியாகப்பர்' என்கிறபோது நாம் ஆளை இரண்டு தடவை புனிதராக்குகிறோம். பரவாயில்லை, அவர் கோவிக்க மாட்டார்.

லயத்தில் எதிர்ப்பக்கமும் நடந்தது. கத்தோலிக்க வீட்டில் சின்னப்பன், அருளப்பன், ராயப்பன். பக்கத்து காம்பிராவில், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழி வந்த புரட்டஸ்தாந்து வீட்டில் பவுல், யோவான், பேதுரு. ஒரே மூன்று புனிதர்கள்தான், தாத்தாமார் ஆளுக்கொரு பக்கம் கும்பிட்டார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் கத்தோலிக்கரும் பவுல், யோவான் என்று வாசிக்கத் தொடங்கினார்கள். சின்னப்பன் தாத்தாக்களின் பெயர் மட்டும் பழைய ஞானஸ்நானப் புத்தகத்திலேயே நின்றுவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் யாருக்கும் பெரிய நட்டம் இல்லாத குழப்பம். மரியாளுக்கு நடந்தது அப்படி இல்லை. மகதலா ஊர் மரியா, உயிர்த்த இயேசுவை முதலில் கண்டவர் என்று யோவான் எழுதுகிறார். பெத்தானியா மரியா, லாசரின் சகோதரி. லூக்கா 7ஆம் அதிகாரத்தில் அழுது இயேசுவின் பாதம் கழுவுகிற பாவிப் பெண்ணுக்கோ பெயரே இல்லை. 591இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில் இந்த மூவரையும் ஒருத்தியாக்கினார். அன்றிலிருந்து மகதலா மரியா மேற்குலகில் மனம் திரும்பிய விலைமாது. நற்செய்தியில் அப்படி ஒரு வரி கிடையாது. 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் பிரித்தார்கள், 1,378 வருசம் கழித்து. பெத்தானியா மரியாவுக்கு ஜூலை 29 என்று நாட்காட்டியில் இடம் வந்ததே 2021இல். ஒரு பெண்ணின் பெயர் இன்னொருத்தியின் பெயரைப் போல இருக்கிறது என்பதற்காக, பேனா பிடித்தவர் ஒருவர் அவள் வாழ்க்கையை மாற்றி எழுத முடிந்திருக்கிறது. சாட்சி சொன்ன பெண்ணைவிட, பாவியான பெண் பிரசங்கத்துக்கு வசதி.

மலையகத்தில் நமக்கு இது புரியாத விசயமா என்ன? மரியாயி, மாரியாயி என்ற இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், ஒன்றாகத்தான் வரும். செக்ரோல் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பெயரைச் சொன்னவளுக்கு வாசிக்கத் தெரியாது, எழுதிய கிளாக்கருக்கு அவள் மாதாவைக் கும்பிட்டாலும் மாரியைக் கும்பிட்டாலும் ஒன்றுதான், கொழுந்து நிறுவை சரியாக இருந்தால் போதும். 1948இல் பிரஜாவுரிமை போனது. அடுத்த வருசம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தில் விண்ணப்பிக்க, 1946 ஜனவரி 1க்கு முன்னால் விவாகமானவர்கள் 7 வருசம், மற்றவர்கள் 10 வருசம் தொடர்ந்து இங்கே இருந்ததாக நிரூபிக்கச் சொன்னார்கள். எதைக் காட்டுவது? அதே மாதிரிக் காகிதங்களைத்தான். ஒன்றில் மரியாயி, இன்னொன்றில் மேரி, மூன்றாவதில் அப்பன் பெயர் மாறி இருந்தால், ஒருத்தி மூன்று பேராகிவிடுவாள். மூன்று மரியாவை ஒருத்தியாக்கியதற்கு நேர் தலைகீழ்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வந்தது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் புத்தகத்தில் இன்னொரு பெயர் என்று இருக்கிற அம்மாக்கள் இன்றைக்கும் தோட்டங்களில் இருக்கிறார்கள். காசு எடுக்கப் போகிற அன்றைக்குத்தான், மூன்று பேரும் தான் ஒருத்தியே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டி வரும். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.