நைஸ்

ஒரு பெண்ணை 'நைஸ்' என்று ஆங்கிலத்தில் பாராட்டுபவர்கள் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கேட்டால் சங்கடப்படக்கூடும். 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'அறியாத' என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது வசைதான்: அசடு, மூடம். பிறகு அது போகாத இடமில்லை. ஒழுக்கங்கெட்ட, பகட்டான என்றெல்லாம் சுட்டியது. அப்படியே திரும்பி, கூச்சம் மிகுந்த, எதிலும் குறை காண்கிற என்றும் ஆனது. 16ஆம் நூற்றாண்டில் நுணுக்கம், துல்லியம். 'இனிய' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது.

புதுப்பொருள் பரவிய காலத்தில் அதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஜேன் ஆஸ்டின் மறைந்த சில மாதங்களில், 1817 டிசம்பரில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' நாவலில் பதினேழு வயது கேத்தரின், ஆன் ராட்கிளிஃப் எழுதிய நாவல் ஒன்றை இந்தச் சொல்லால் புகழ்கிறாள். ஹென்றி டில்னி கேலி செய்கிறான். ஆதியில் இது நேர்த்தியையும் நாசூக்கையும் மட்டுமே குறித்திருக்கலாம் என்று பாடம் வேறு நடத்துகிறான். ஆதியில் அது மூடத்தைக் குறித்தது. திருத்த வந்தவனுக்கும் அது தெரியவில்லை. அவனுடைய தங்கை எலினோர் குறுக்கிட்டு, அதே சொல்லைக் 'குறை காண்கிற' என்ற பழைய பொருளில் அவன்மீதே திருப்பிவிடுகிறாள். கேத்தரினின் பிழை என்று காட்டப்பட்ட சொல்லைத் துல்லியமாகக் கையாள்பவள் இன்னொரு பெண் என்பதை ஆஸ்டின் விளக்காமலே விட்டுவிடுகிறார்.

ஆங்கிலம் இந்தச் சொல்லை ஆண்களுக்கும் வழங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை. அறியாமையைப் பெண்ணுக்கே உரிய அழகாக எழுதிவைத்த பெருமை நமக்கு உண்டு. தொல்காப்பியம் பெண்ணுக்குச் சொல்லும் மூன்று குணங்களில் ஒன்று மடம். பிறர் புகட்டியதைக் கொண்டு அதை விடாதிருப்பதே மடம் என உரைமரபு மெருகேற்றியது. 'மடமை' என்றால் இன்றும் வசை. 'மடந்தை' என்றால் மட்டும் கவிதை. இலக்கண வகுப்பில் நாணத்தைப் பற்றி மாணவிகள் சண்டை பிடிப்பார்கள். மடத்தை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை, வகுப்பு நடத்துகிற நானும் பல ஆண்டுகள் அதைக் கடந்தே போயிருக்கிறேன்.

தமிழுக்குள் வந்த 'நைஸ்' வேறு வழியில் போனது. மாவு நைஸாக அரைபட வேண்டும் என்கிறோம். நுணுக்கம் என்ற பழம்பொருளுக்கு அது ஒன்றும் தூரமில்லை. கூட்டத்திலிருந்து நைஸாக நழுவுகிறோம். நைஸாகப் பேசிக் காரியம் சாதிப்பவளை நம் ஊரில் யாரும் அறியாதவள் என்று சொல்வதில்லை.