ஈதரை அனுப்பி வைத்தது யார்?

பௌதிக மாணவரிடம் இதைக் கேட்டால், “மைக்கல்சன்-மோர்லி சோதனை, 1887” என்று பட்டென்று பதில் வரும். பரீட்சைக்கு அது போதும். நடந்த கதை வேறு.

ஈதரை நம்பியவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். ஒலிக்குக் காற்று, கடல் அலைக்குத் தண்ணீர். அப்படியிருக்க, ஒளியலைக்கும் ஓர் ஊடகம் வேண்டாமா? நியாயமான கேள்விதானே! வம்பு என்னவென்றால், ஒளி குறுக்கலை. அது ஓட, ஊடகம் திடப்பொருள் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். அதே ஊடகத்துக்குள் பூமி தடையில்லாமல் நழுவிப் போகவும் வேண்டும்!

மைக்கல்சன் 1881இல் பெர்லினில் கருவியை வைத்தபோது தெருப் போக்குவரத்தின் அதிர்விலேயே ஒளிப்பட்டைகள் ஆடின. போட்ஸ்டாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஆய்வகத்தில் நியூட்டன் வளையங்களை எண்ணும்போது பக்கத்து ஆள் மேஜையை இடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணிய என் போன்றவர்களுக்கு அந்தப் பாடு புரியும். 1887இல் கிளீவ்லாந்தில் மோர்லியோடு சேர்ந்து, ஒன்றரை மீட்டர் சதுர மணற்கல்லைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன் மேல் கருவியை அமைத்தார். ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து, செங்குத்தான இரு திசைகளில் அனுப்பித் திரும்பச் சேர்ப்பதுதான் ஏற்பாடு. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஈதருக்குள் போகிறதென்றால், கல்லைத் திருப்பும்போது பட்டை தன் அகலத்தில் 0.4 பங்கு நகர வேண்டும். கண்டது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

அதற்கப்புறமும் ஈதரை யாரும் விட்டுவிடவில்லை! பூமி ஈதரைத் தன்னோடு இழுத்துப் போகிறதோ என்றால், 1720களிலேயே பிராட்லி கண்ட விண்மீன் பிறழ்ச்சி இடித்தது. ஈதரில் நகரும் பொருள், நகரும் திசையில் கொஞ்சம் சுருங்குகிறது என்று 1889இல் ஃபிட்ஸ்ஜெரால்டும், 1892இல் லாரன்ட்ஸும் தனித்தனியே சொன்னார்கள். கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் ஈதரின் நிலைமையைப் பாருங்கள்: இருக்கிறது, எந்தச் சோதனையிலும் அகப்படாது!

1905இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்திலிருந்த ஐன்ஸ்டைன், ஈதர் இல்லை என்று நிரூபிக்கவில்லை, தேவையில்லை என்றார். சீராக நகரும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே, ஒளியின் வேகமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், அந்தச் சுருக்கம் தானாக வந்துவிடுகிறது. அதற்கு ஈடாக, எல்லோருக்கும் பொதுவான காலம் என்பதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சின்ன விலையா அது?

லாரன்ட்ஸுக்கு மனசு வரவில்லை. 1928இல் காலமாகும்வரை ஈதரை அவர் விடவில்லை. அவருடைய சமன்பாடுகளைத்தான் இன்றும் சார்பியல் பாடத்தில் முதலில் நடத்துகிறார்கள்.