தவளை தீர்த்து வைத்த வழக்கு

சிறுநீர் எவ்வாறு உருவாகிறது என்னும் வினா அறிஞர்களை எண்பதாண்டுகளுக்கு மேல் பிரித்து வைத்திருந்தது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களே கழிவைச் சுரக்கின்றன என்றார் இங்கிலாந்தின் பௌமன், 1842-இல். அதே ஆண்டில் ஜெர்மனியின் லுட்விக், இரத்தம் முதலில் வடிகட்டப்படுகிறது. பின்னர் குழாய்கள் நீரை மீட்டுக்கொள்கின்றன என்றார்.

1924-இல் அமெரிக்காவின் வேர்னும் ரிச்சர்ட்ஸும் தவளையின் சிறுநீரக வடிகிண்ணத்தில் நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி நீரெடுத்தனர். அந்நீரில் சர்க்கரை இருந்தது, சிறுநீர்ப்பையிலோ இல்லை! வடித்தலும் மீட்டலும் மெய்யென உறுதியாயின.

நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் வடிக்கின்றன. வெளியேறுவதோ சுமார் ஒன்றரை லிட்டர். உடலில் நீர் குறைந்தால் மூளையடிச் சுரப்பி விடுக்கும் சுரப்புநீர் மீட்சியை மிகுவிக்கிறது, சிறுநீர் செறிவடைகிறது. கழிப்பதினும் காப்பதே இவ்வுறுப்பின் பெரும்பணி என்பதை நாம் உணர்தல் வேண்டும்.