இல்லத்து இருட்டறை

நிழற்படக் கலையின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் கேமராவைப் பற்றியே பேசுவர். படச்சுருளைக் கழுவியவர் யார், எங்கே கழுவினார் என்று கேட்போர் சிலரே. நம் நாட்டில் இக்கலை பெண்டிர் கைக்கு வந்த வரலாற்றை அறிய வேண்டுமாயின், நாம் இருட்டறைக்குள் செல்ல வேண்டும்.

1888ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். 100 படங்கள் எடுத்தபின் கேமராவையே ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். படங்கள் அச்சாகித் திரும்பி வரும். வேலை எளிதாயிற்று. ஆனால், வீட்டாரின் முகங்களை முதலில் காண்பவர் அயலார் ஆயினர்.

பெண்கள் அந்நியர் முன் வாராத குடும்பங்கள் பல வாழ்ந்த கல்கத்தாவில் இது சிறிய செய்தியன்று. அங்கே அன்னபூர்ணா தத்தர் (1894–1976) என்னும் அம்மையார் வீடுகளுக்கே சென்று மாதரைப் படமெடுத்தார். தாமே கழுவி, தாமே அச்சிட்டும் கொடுத்தார். அயலான் கண்ணில் படம் படாது என்னும் நம்பிக்கையே அத்தொழிலுக்கு மூலதனமாயிற்று.

காசிக்கு எதிர்க்கரையிலுள்ள ராம்நகரில் 1919இல் பிறந்த இரட்டையர் மனோபினா, தேபலினா. அவர்களுடைய 12ஆம் வயதில் தந்தையார் ஆளுக்கொரு கேமரா அளித்தார்; கழுவும் முறையையும் வீட்டிலேயே பயிற்றினார். பிற்காலத்தில் இருவரும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞராயினர். மனோபினா, திரைப்பட இயக்குநர் பிமல் ராயை மணந்தவர்.

கழுவும் முறை கடினமன்று, பொறுமையே வேண்டும். டெவலப்பர் என்னும் கரைசல், ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கருநிற வெள்ளியாக மாற்றும். ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து நீக்கும். 1819இலேயே இப்பண்பைக் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல். இறுதியில் நல்ல நீரில் நெடுநேரம் அலச வேண்டும். கரைசலின் வெப்பம் சுமார் 20 டிகிரி சென்டிகிரேடு இருத்தல் நலம். வடநாட்டுக் கோடையில் பனிக்கட்டியின்றி இது கைகூடாது. வெப்பம் மிகுந்தால் சுருளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு இளகிவிடும்.

வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்த படச்சுருளை இந்நாட்டிலேயே செய்ய, 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டது. நீலகிரியில் உருவான 'இந்து' சுருள்கள் பாரதமெங்கும் சென்றன. அந்த ஆலை இன்று இயங்கவில்லை.

இன்று நம் படங்கள் எடுத்த கணமே எங்கெங்கோ உள்ள இயந்திரங்களுக்குச் சென்றுவிடுகின்றன. அவற்றை யார் காண்கின்றனர் என்று நாம் கேட்பதும் இல்லை. அன்னபூர்ணா அம்மையாரை அழைத்த குடும்பங்கள் அக்கேள்வியை முதலிலேயே கேட்டன.

ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் இல்லங்களில் பழைய பெட்டிக்குள் நெகடிவ் சுருள் கிடைக்கலாம். அதனை எறிந்துவிட வேண்டா. ஹைப்போ சரிவர நீங்காத படம் நாளடைவில் கறைபட்டு மங்கும். எடுத்துப் பல்லாண்டு கழிந்தும் முகங்கள் தெளிவாக நிற்குமாயின், எவரோ ஒருவர் அதனைப் பொறுமையுடன் அலசியிருக்கிறார் என்று பொருள்.