பறைசாற்றும் நாமும் பறை அடித்த கைகளும்



கோவிலில் நாம் அடிக்கடி சொல்லும் ஒரு சொல்லைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ‘நற்செய்தியைப் பறைசாற்றுதல்’ என்கிறோம். மறைபரப்பு ஞாயிறன்று பதாகையில் எழுதுகிறோம், மன்றாட்டில் சொல்கிறோம், மறையுரையில் சொல்கிறோம். பறை என்பது தோல் போர்த்திய ஒரு கருவி. சாற்றுதல் என்றால் ஊரறியச் சொல்லுதல். பறையை அடித்து ஊரைக் கூட்டிச் சொன்னதால்தான் அது பறைசாற்றுதல் ஆயிற்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வரும் நம் மக்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. குமுளியைத் தாண்டினால் ‘பறையு’ என்றால் ‘சொல்லு’ என்று அவர்களுக்குத் தெரியும்.

கிறிஸ்துவின் செய்தியைச் சொல்வதற்கு நம் திருச்சபை தேர்ந்துகொண்ட சொல்லிலேயே பறை இருக்கிறது. ஆனால் அந்தக் கருவியையும் அதை அடித்த மக்களையும் நாம் எங்கே நிற்க வைத்தோம்? இந்தக் கேள்விதான் இன்றைய சிந்தனை.

முதலில் பழைய வரலாறு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைப் பட்டியலிடும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. பறை இல்லாத நிலமே இல்லை. மலைநிலமான குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்றும், வயல்நிலமான மருதத்துக்கு நெல்லரிகிணை என்றும் உரைகாரர்கள் பெயர் சொல்கிறார்கள். நமக்கோ மேற்கே மலை, கீழே நெல்வயல். அந்த இரண்டு ஒலியும் கேட்டிருக்கக்கூடிய மண் நம்முடையது. புறநானூற்றின் 335-ஆம் பாடலில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். ஆண்டாள் நாச்சியார் மார்கழி நோன்பில் கண்ணனிடம் கேட்பதும் பறையைத்தான். நமக்கு இன்று கிடைக்கும் பழைய நூல்களில் பறை என்ற சொல் தலைகுனிந்து நிற்கவில்லை.

பிற்காலத்தில்தான் நிலை மாறியது. செத்த மாட்டின் தோலை உரிப்பது, பதப்படுத்துவது, சாவு வீட்டில் அடிப்பது, சுடுகாட்டு வேலை, ஊருக்குத் தண்டோரா போடுவது எல்லாம் ஒரு தெருவின் தலையில் வைக்கப்பட்டன. தோல் தீட்டு என்றார்கள். பிறகு தோலைத் தொட்டவரும் தீட்டு என்றார்கள். அதே தோலைக் கட்டிய முரசு அரண்மனையில் இருந்தபோது தீட்டாக இல்லை. தெரியாமல் முரசு கட்டிலில் படுத்துத் தூங்கிய மோசிகீரனார் என்ற புலவரைத் தண்டிக்காமல் சேர மன்னன் விசிறி வீசினான் என்று புறநானூறு சொல்கிறது. முரசு அவ்வளவு புனிதம். சேரியில் இருந்த பறை மட்டும் இழிவாகிவிட்டது. ஆகவே குற்றம் தோலில் இல்லை.

இந்த மண்ணுக்கு நம் திருச்சபை வந்தபோது என்ன செய்தது? இதையும் மனம் திறந்து பேசவேண்டும். 1606-இல் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தார். தமிழைக் கற்றார், துறவிக் கோலம் பூண்டார், தமிழ்ப் பண்பாட்டை மதித்தார். அதற்காக இன்றும் நன்றி சொல்கிறோம். ஆனால் உயர்ந்தவர் எனப்பட்டவர்களை அணுகுவதற்காகச் சாதி ஒழுங்கைத் தொடாமல் விட்டதும் அதே பணிமுறைதான். 1640 முதல் மற்ற மக்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். திருமுழுக்கு ஒன்றாக இருந்தது. குருவும் இடமும் வேறுவேறாக இருந்தன.

திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்குரியவை. ஒடுக்கப்பட்ட மக்களின் வீட்டில் நோயாளி இருந்தால் குருக்கள் அந்த வீட்டுக்குள்ளேயே சென்று அருளடையாளங்களை வழங்கவேண்டும், மறுக்கக்கூடாது என்றது ஆணை. கிறிஸ்தவ இசைக்கலைஞர்கள் பிற சமயக் கோவில் விழாக்களில் வாசிக்கக்கூடாது என்றும் அதே ஆணை சொன்னது. கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நோயாளியைப் பார்க்க வீட்டுக்குள் போங்கள் என்று ஓர் ஆணை போடவேண்டிய நிலையில் நாம் இருந்திருக்கிறோம். அத்தோடு, மேளம் அடித்துப் பிழைத்த கிறிஸ்தவனுக்கு ஒரு வாசல் அடைக்கப்பட்டது. பதிலுக்கு நம் கோவிலில் அவன் கருவிக்கு ஓர் இடம் தரப்பட்டதா என்று பார்த்தால், இல்லை. 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் இந்தச் சிக்கலுக்கு முடிவு சொன்னபோதும், ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாடே தொடர்ந்தது.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோவிலின் வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, கால்சட்டை போல இரண்டு கிளைகளாக அந்தக் கோவில் கட்டப்பட்டது, நடுவே சுவர். 1910-இல் பங்குக் குரு கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்கு போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும், சாதியின் பெயரால் கோவிலில் தனி இடம் கேட்கும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு சுவர் விழுந்தது. ஆனால் செங்கல் இல்லாமல் கட்டிய சுவர்களும் உண்டு அல்லவா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அந்தந்த மக்களின் இசை மரபை மதித்து வழிபாட்டில் அதற்கு இடம் தரவேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. நம் கோவில்களில் குத்துவிளக்கு வந்தது, ஆரத்தி வந்தது, பரதநாட்டியம் வந்தது, வீணையும் மிருதங்கமும் வந்தன. எல்லாம் நல்லவைதாம். ஆனால் பண்பாட்டுமயமாக்கல் என்று சொல்லி முதலில் யாருடைய பண்பாட்டை உள்ளே அழைத்தோம் என்பதையும் கவனியுங்கள். மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது. அது பீடத்தருகே அமர்ந்தது. பறை வாசலிலேயே நின்றது.

பறை உள்ளே வர மக்கள் போராட வேண்டியிருந்தது. 2005-இல் இறைவனடி சேர்ந்த தியோபிலஸ் அப்பாவு, மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் நாட்டார் இசையே ஏழைகளின் இறையியல் என்று பாடியும் கற்பித்தும் வந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா சக்தி கலைக்குழு வழியாகப் பெண்பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்தார். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. இன்று பொங்கல் திருப்பலியில் பல பங்குகளில் காணிக்கைப் பவனியின்போது பறை ஒலிக்கிறது. கல்லூரி மாணவர்கள் சலங்கை கட்டி அடிக்கிறார்கள். நாமும் கைதட்டுகிறோம்.

இங்கே என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் பொங்கலன்று வெளியூர் மாணவர் குழுவை அழைத்துப் பறை அடிக்கச் செய்தேன். எனக்கு ஒரே பெருமை. திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் வந்தார். அந்த ஊரிலேயே தலைமுறையாகச் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்தவர். “நல்லா இருந்துச்சு சாமி. எங்கப்பன் அடிச்சப்ப சப்பரத்துக்கு முன்னாடி தெருவுலதான் நிக்கணும், கோவில் படியேறக் கூடாதும்பாங்க. இப்ப படிச்ச புள்ளைக அடிக்கவும் பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்க. கருவி அதேதான சாமி?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஊரில் அவர் இருக்கிறார், அவர் கையில் அந்தக் கலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவரைக் கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

பிரியமானவர்களே, கருவியை உள்ளே கொண்டுவருவது எளிது. வேம்பிலோ வேறு மரத்திலோ செய்த ஒரு வட்டச் சட்டம், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல், வலக்கையில் பூவரசு அடிக்குச்சி, இடக்கையில் மூங்கில் சிம்புக்குச்சி. நெருப்பில் காய்ச்சினால் ஒலிக்கும். ஆனால் சப்பரத்தடிக்கும் சாமிச்சாட்டு அடிக்கும் மாரடிப்பு அடிக்கும் வேறுபாடு தெரிந்தது அந்தக் கைகளுக்குத்தான். கலையை வாழ்த்திவிட்டுக் கலைஞனை வாசலில் நிறுத்தினால் அது அவருடைய வீட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு அவரை மறந்துவிடுவது போல ஆகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தத் தெருவின் இளைஞர்கள் பலர், ‘எங்கள் தாத்தாவை அவமானப்படுத்திய இந்தக் கருவியை நாங்கள் தொடமாட்டோம்’ என்கிறார்கள். வேறு சிலர், ‘இது எங்கள் கலை, தலைநிமிர்ந்து அடிப்போம்’ என்கிறார்கள். இரண்டு குரலும் ஒரே காயத்திலிருந்து வருகின்றன. அடிப்பதா, விடுவதா என்று முடிவு செய்யவேண்டியவர்கள் அவர்கள்தாம். ஊர் வழக்கம் என்று சொல்லி யாரையும் வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. அரசும் இதை உணர்ந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பட்டியலினத்தவரைக் குழிவெட்டக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம் சொல்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே நற்செய்தி அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாம் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

விவிலியத்தைப் புரட்டிப் பாருங்கள். செங்கடலைக் கடந்த விடுதலை மக்களின் முதல் ஆட்டத்தில் மிரியாம் கையில் இருந்தது மேளம். ஆண்டவரின் பேழைக்கு முன்னே தாவீது அரசர் மேளத்தோடும் தாளத்தோடும் ஆடினார். அரசனின் மகள் மீக்கால் பலகணி வழியே பார்த்து அவரை உள்ளத்தில் இகழ்ந்தாள். இன்றும் மாடியிலிருந்து பார்த்து இகழும் மீக்கால்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, யோப்பா பட்டணத்தில் பேதுரு யாருடைய வீட்டில் தங்கினார்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். யூதர்களிடையே தோல் வேலை தூய்மையற்றதாக எண்ணப்பட்டது. அந்த வீட்டு மாடியில் செபிக்கும்போதுதான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற காட்சி பேதுருவுக்குக் கிடைத்தது. அங்கிருந்துதான் கொர்னேலியு வீட்டுக்குப் போனார். பிற இனத்தாருக்குத் திருச்சபையின் கதவு திறந்தது. தோல்காரர் வீட்டில் பேதுரு சாப்பிட்டார், தூங்கினார். கடவுள் அவரோடு பேசியதும் அங்கேதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். நம் திருவிழாவில் அடிக்க வரும் கலைஞர்களுக்கு மற்ற இசைக்குழுவுக்குத் தரும் அதே மரியாதையோடு, முன்பே பேசிய கூலியைக் குறையாமல் கொடுங்கள்; அசன விருந்தில் அவர்களும் நம்மோடு அதே பந்தியில் உட்காரட்டும். பறை கற்க விரும்பும் பிள்ளைகள் எல்லாத் தெருவிலிருந்தும் வரட்டும். கற்றுக்கொடுக்க நம் ஊர்ப் பெரியவர்கள் முன்வந்தால் ஆசான் என்று அழைத்துக் கூப்பிடுங்கள். கல்லறைக் குழியை ஒரே தெருவின் வேலையாக விடாமல், அன்பியங்கள் முறை வைத்துக்கொண்டு செய்யட்டும். என் முறை வரும்போது மண்வெட்டியோடு நானும் வருகிறேன்.

இப்போது இந்த வானொலி வழியாக நானும் பறைசாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லை நமக்குத் தந்த கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

செபிப்போமாக. தோல்காரர் வீட்டில் பேதுருவின் கண்களைத் திறந்த ஆண்டவரே, எங்கள் ஊரிலும் எங்கள் கோவிலிலும் நாங்கள் எழுப்பிய சுவர்களைக் காணும் பார்வையையும், அவற்றை இடிக்கும் மனத்துணிவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.