மருந்தாளுநர் பயிற்சியின் சரித்திரம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பள்ளியிறுதிப் பரீக்ஷை முடித்த பிள்ளைகளை எத்தொழிலில் விடுவது என்னும் கேள்வி ஆண்டுதோறும் எழுவது வழக்கம். "பையனை மருந்துக் கடையில் நாலைந்து வருஷம் நிறுத்தி வைத்தால் அவனும் கம்பவுண்டராகிவிட மாட்டானா?" என்று நம்மிடம் வினவிய பெற்றோர் பலர். இவ்வினாவுக்கு ஒரு காலத்தில் "ஆவான்" என்பதே விடையாக இருந்தது. இன்று "ஆகான்" என்பதே விடை. அவ்விடை மாறியது எங்ஙனம், அம்மாற்றத்தால் ஜனங்களுக்கு விளைந்த நன்மை யாது, அந்நன்மையைக் காக்க நாம் செய்யவேண்டுவது யாது என்பவற்றைச் சரித்திர வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் நாட்டு வைத்தியத்தில் நாடி பார்த்தவரே மருந்தும் செய்தார். மூலிகை பறித்தலும், கல்வத்தில் அரைத்தலும், புடமிடுதலும் வைத்தியருடைய கையிலேயோ அவர் கண்பார்வையில் நின்ற சீடனுடைய கையிலேயோ நடந்தன. இங்கிலீஷ் வைத்தியம் வந்தபோது இவ்விரு வேலைகளும் பிரிந்தன. டாக்டர் சீட்டு எழுதுவார். வேறொருவர் அதைப் படித்து மருந்து கலந்து கொடுப்பார். சென்னைக் கோட்டையில் கம்பெனியாரின் முதல் ஆஸ்பத்திரி 1664-ம் ஆண்டில் ஏற்பட்டது. கல்கத்தாவில் 1811-ல் பாத்கேட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலீஷ் மருந்துக் கடை திறந்தார். 1835-ல் சென்னையில் வைத்தியப் பள்ளிக்கூடம் தொடங்கி, 1850-ல் கல்லூரியாக உயர்ந்தது. இவ்வாறு டாக்டர்களுக்குக் கல்விச்சாலை உண்டாயிற்று. ஆயினும் அவர்கள் எழுதிய சீட்டுக்கு மருந்து கலப்பவருக்கு நெடுங்காலம் தக்க கல்விச்சாலை உண்டாகவில்லை.

ஆகவே கம்பவுண்டர் என்பவர் பார்த்துப் பழகியே தொழில் கற்றார். முதலில் சீசா கழுவுவார். பின்பு பொட்டலம் மடிப்பார். அதன்பின் களிம்பு குழைப்பார். முடிவில் மிக்சர் கலக்கும் மேஜைக்கு வருவார். வங்காளத்தில் 1881-ல் கம்பவுண்டர்களுக்கு முறையான பயிற்சி தொடங்கியது. பிற இடங்களிலும் சிறுகச் சிறுகப் பரீக்ஷைகள் ஏற்பட்டன. எனினும் பெரும்பாலோர் ஒரு டாக்டரையோ ஓர் ஆஸ்பத்திரியையோ அண்டி நின்று கற்றவர்களே.

அக்காலத்து ஔஷதசாலையை நம்மில் முதியோர் பலர் கண்டிருப்பர். நோயாளி வீட்டிலிருந்தே காலிச் சீசா கொண்டுவருவார். கம்பவுண்டர் மருந்தை ஊற்றி, ஒரு காகிதத் துண்டை வேளைக் கணக்குக்கு ஏற்பப் பல் பல்லாக வெட்டிச் சீசாவின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். எழுத்தறியாத தாயும் அக்காகிதத்தைப் பார்த்து, வேளைக்கு ஒரு பல் அளவு மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவாள். இத்தகைய நல்லுபாயங்களால் கம்பவுண்டர் ஊராருக்குப் பந்துவைப் போல் விளங்கினார். அவரை இகழ்வது நம் நோக்கமன்று.

நிற்க. அவர் கற்ற முறையிலிருந்த அபாயத்தையும் கூறாதிருத்தல் தகாது. அன்று திரவ மருந்துக்கு 60 மினிம் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்ஸ். சீட்டில் டிராமையும் அவுன்ஸையும் குறிக்க எழுதிய அடையாளங்கள் இரண்டும் 3 என்னும் இலக்கத்தைப் போன்றே இருக்கும்; அவுன்ஸ் குறிக்கு மேலே ஒரு வளைவு மட்டும் அதிகம். அவ்வளைவைத் தவறாகக் கண்டால் மருந்து எட்டு மடங்கு கூடும், அல்லது எட்டில் ஒன்றாகக் குறையும். அபினி, எட்டிச் சத்து முதலிய சரக்குகளில் எட்டு மடங்கு என்பது உயிருக்கே ஹானி. கைப்பழக்கம் ஒருவனுக்கு வேகத்தைத் தரும். ஆனால் டாக்டர் எழுதிய அளவே தவறாயிருக்கும்போது, "இவ்வளவு கொடுக்கலாகாதே" என்று சந்தேகித்துத் திரும்பக் கேட்கும் அறிவை அது தானாகத் தராது. அவ்வறிவைத் தருவது கல்வி.

மருந்துச் சரக்கிலும் மோசம் மலிந்திருந்தது. கலப்படக் கொய்னாவைப் பற்றிய முறைப்பாடுகள் மிகவே, சர்க்கார் 1930-ம் ஆண்டில் கர்னல் சோப்ரா அவர்களின் தலைமையில் விசாரணைக் கமிட்டி ஒன்றை நியமித்தனர். மருந்தின் தரத்துக்குச் சட்டம் வேண்டும், பரிசோதனைச் சாலைகள் வேண்டும், மருந்து கலப்பவருக்குக் கல்வியும் பதிவும் வேண்டும் என்று அக்கமிட்டி 1931-ல் தெரிவித்தது. அடுத்த ஆண்டிலேயே காசி இந்து சர்வகலாசாலையில் மகாதேவ லால் ஷ்ராப் அவர்களின் முயற்சியால் மருந்தியல் கல்வி சர்வகலாசாலைப் பாடமாயிற்று. 1940-ல் மருந்துச் சட்டமும், 1945-ல் அதன் விதிகளும் வந்தன.

1946-ல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை அன்றைய நிலையைக் கணக்கிட்டுக் காட்டியது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறக்குறைய 6,300 பேருக்கு ஒரு டாக்டர் இருந்தார். தகுதி பெற்ற மருந்தாளுநரோ ஏறக்குறைய 40 லட்சம் பேருக்கு ஒருவர்! எழுதும் கையைப் பயிற்ற முயன்ற தேசம், கொடுக்கும் கையை அடியோடு மறந்துவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்குறையை நீக்க 1948-ம் ஆண்டில் பார்மசி சட்டம் நிறைவேறியது. 1949-ல் இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. இச்சட்டத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நியாயம் ஒன்றுண்டு. பட்டமும் டிப்ளோமாவும் பெற்றவர்களை மட்டும் பதிவு செய்வதென்றால், தம் வாழ்நாளையே ஆஸ்பத்திரி மேஜையில் கழித்த பழைய கம்பவுண்டர்கள் தெருவில் நிற்க நேரும். ஆகையால் முதற்பதிவேட்டில், அங்கீகாரம் பெற்ற கம்பவுண்டர் பரீக்ஷையில் தேறியவர்களும், டாக்டர் சீட்டுக்கு மருந்து கலக்கும் இடங்களில் 5 ஆண்டுக்குக் குறையாமல் அவ்வேலை செய்தவர்களும் இடம்பெறலாம் என்று சட்டம் அனுமதித்தது. அனுபவத்துக்கு மரியாதை செய்தது. ஆனால் அம்மரியாதை பழையவர்களுக்கே உரியது. கல்வி விதிகள் வந்தபின், குறிக்கப்பட்ட படிப்பின்றிப் புதியவர் எவரும் நுழைய இயலாதவாறு அவ்வாயில் அடைபட்டது. முதற்கல்வி விதிகள் 1953-ல் வெளியாயின.

பதிவு பெற்ற மருந்தாளுநரே டாக்டரின் சீட்டுக்கு மருந்து கலந்து வழங்கலாம் என்பது இச்சட்டத்தின் 42-ம் பிரிவு. டாக்டர் தம் சொந்த நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. இப்பிரிவு எப்போது அமுலாவது என்பதை அந்தந்த மாநில சர்க்கார் குறிக்கலாம் என்றிருந்தமையால் காலம் நீண்டது. தேதி குறிக்காத மாநிலங்களிலும் குறித்த சில ஆண்டுகள் கழிந்ததும் தானே அமுலுக்கு வரும் என்று 1976-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. ஆகவே, மருந்துக் கடையில் நின்று கம்பவுண்டராகலாம் என்னும் எண்ணம் நம் பாட்டனார் காலத்து மெய். நம் காலத்துப் பொய். பத்து வருஷம் கடையில் நின்ற பிள்ளையும் சட்டத்தின் முன் கடைச் சிப்பந்தியே யன்றி மருந்தாளுநன் அல்லன்.

இனி, இன்றைய படிப்பின் முறையைக் கூறுவோம். விஞ்ஞானப் பாடங்களுடன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் பார்மசி டிப்ளோமாவில் சேரலாம். கல்லூரிப் பாடம் 2 ஆண்டு. அதன்பின் 3 மாதத்துக்குக் குறையாத காலத்தில் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி; அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து வழங்கும் வேலையிலேயே கழியவேண்டும். பழைய கம்பவுண்டர் வருஷக் கணக்கில் நின்று கற்ற கைப்பழக்கத்தைச் சட்டம் அடியோடு தள்ளிவிடவில்லை; கல்விக்குப் பின்னர் அதற்கு இடம் வைத்திருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

அப்பயிற்சி நடக்கும் இடத்துக்கு ஏற்பக் கற்கும் பாடமும் வேறாகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டுகள் எழுதியனுப்பும் தேவைப் பட்டியலுக்கு ஏற்ப மருந்து அனுப்புதலும், குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டியவற்றைக் காத்தலும், காலாவதித் தேதி முந்தியதை முந்திச் செலவிடுதலும் பயிலலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநரே கிடங்குக் காவலரும், கணக்கரும், நோயாளிக்கு வேளையும் அளவும் சொல்லிக் கொடுப்பவரும் ஆவார். 1994-ல் நிறுவிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்குகளிலிருந்து வரும் மருந்து ஏழை ஜனங்களைச் சேர்வது அவர் கை வழியாகவே. கடையிலோ பாடம் வேறு. எம்மருந்து சீட்டின்றிக் கொடுக்கத்தகாதது என்று அறிதல், அவசரப்படுத்தும் வாடிக்கைக்காரரிடம் பணிவாக மறுத்தல் ஆகியன அங்கே பயில வேண்டியவை. 2013-ல் புதிதாகச் சேர்த்த எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி 3 ஆண்டு பாதுகாத்தலும் கடையின் கடமையே.

கிடங்கு வேலைதானே என்று அலட்சியம் செய்பவர்களுக்கு ஒரு துக்க சம்பவத்தை நினைவூட்டுகிறோம். 1986-ம் ஆண்டில் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நல்ல எண்ணத்துடனேயே கிளிசரின் கொடுக்கப்பட்டது. அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவம் கலந்திருந்தமையால் 14 பேர் மாண்டனர். நீதிபதி லென்டின் தலைமையில் நடந்த விசாரணை, மருந்து வாங்குவது முதல் வழங்குவது வரையில் பல படிகளில் நேர்ந்த தவறுகளை வெளிப்படுத்தியது. ஒவ்வொரு படியிலும் நிற்பவர் தம் கடமையைச் செய்திருந்தால் அந்நஞ்சு நோயாளியின் வாயை எட்டியிராது. மருந்தாளுநரும் அப்படிகளில் ஒன்றில் நிற்கும் காவலர் என்பதை மறத்தலாகாது.

இவ்வளவும் கூறியது ஒரு குறையை மனம் விட்டுச் சொல்லவே. படித்துப் பதிவு பெற்றவர் தம் சர்ட்டிபிகேட்டை மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதும், கடைச் சுவரில் அக்காகிதம் கண்ணாடிச் சட்டத்துள் தொங்க, மேஜையருகில் படிக்காத பையன் நின்று மருந்து கொடுப்பதும் உலகில் நடக்கின்றன. பயிற்சிக்கே போகாமல் 500 மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொள்வதும் உண்டு. இவ்விரு வழக்கங்களும் நம்மவர்களிடையிலும் புகுந்திருப்பதை நாம் அறிவோம். அறிந்தும் பேசாதிருப்பது சங்கத்துக்கு அழகன்று. வாடகையாக வரும் சிறு தொகைக்காக, 1930 முதல் பெரியோர் பாடுபட்டு அமைத்த காவலை நாமே அழிக்கிறோம். சுவரில் தொங்கும் காகிதம் சீட்டைப் படியாது. தவறைக் கண்டு டாக்டரைக் கேளாது. அக்கடையில் நாளை மருந்து வாங்க நிற்பது நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆகவே பெற்றோர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே. பிள்ளையை இத்தொழிலில் விட எண்ணினால் முதலில் படிப்பில் சேருங்கள். சேர்க்கும் முன் அக்கல்லூரி கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்று விசாரியுங்கள். பயிற்சிக் காலத்தில் பாதியை ஆஸ்பத்திரியிலும் பாதியை நல்ல கடையிலும் கழிக்க இயலுமாயின் அவ்வாறே செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது ஏற்ற தொழில். அவர்களைத் தடுக்க வேண்டா. ஏற்கெனவே கடையில் நிற்கும் இளைஞர்களுள் தகுதியுள்ளவர்களை முதலாளிகளாகிய நம் அன்பர்களே படிக்க அனுப்பி, அவர்கள் திரும்பி வரும்வரை இடம் வைத்திருப்பது பெருந்தர்மமாகும். பதிவு பெற்றவர்கள் தம் பெயர் தொங்கும் கடையில் தாமே நிற்பார்களாக.

காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிய அப்பழைய கம்பவுண்டருக்குச் சட்டப் பட்டம் இல்லாதிருக்கலாம்; ஆனால் அவர் தம் மேஜையை விட்டு அகன்றதில்லை. அவருடைய நிலைபெயராமையும் இன்றைய கல்வியும் ஒருவரிடத்தே கூடுமாயின் அவரே உண்மை மருந்தாளுநர். அத்தகையோர் நம் குடும்பங்களிலிருந்து பலராகத் தோன்றுவார்களென நம்புகிறோம்.